மெல்ல இறைக்கும் கிணறு: கம்பி வராத தீவகத்து வீட்டில் தண்ணீரும் வெளிச்சமும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், வேலணைப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. இருப்பது மூன்று பேர். மின்கம்பம் வளவுக்குக் கிட்ட இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கிணறு இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் துலா எப்போதோ போய்விட்டது, அதைத் தாங்கிய ஆடுகால் மட்டும் நிற்கிறது. இந்த வீட்டில் தண்ணீர், வெளிச்சம், கழிப்பறை மூன்றையும் ஒப்பேற்றிய கணக்குகளும், பிழைக்கக்கூடிய இடங்களும் கீழே இருக்கின்றன. விலை எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் நாளைக்குப் பொய்யாகிவிடும்.

இப்படியான வீடு என்றதும் முதலில் எழும் கேள்வி "எத்தனை கிலோவாற் சோலர் போடலாம்?" என்பதுதான். தீவகத்தில் அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. கிணறு என்ன வேகத்தில் தண்ணீர் தரும் என்று தெரிந்த பிறகுதான் பம்பைத் தெரிவு செய்யலாம், பம்பைத் தெரிவு செய்த பிறகுதான் சோலர் பனலைத் தெரிவு செய்யலாம்.

கிணற்றைக் கேட்டுத்தான் பம்ப்

குடாநாட்டிலும் தீவுகளிலும் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். மழை மணலுக்குள்ளும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளும் இறங்கி, கடல்நீருக்கு மேல் ஒரு தட்டாக மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பாரம் கூட. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும். அதே கணக்குத்தான் மறுபக்கமும்: இறைத்து மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால் கீழே சவர் (உப்புத் தண்ணீர்) நாற்பது அடி ஏறப் பார்க்கும். வெடிப்புள்ள கல்லில் இது இவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஏதாவது ஒரு பிளவு வழியாகச் சவர் இன்னும் விரைவாகவும் வரலாம். துலாவில் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மெசினுக்குக் களைப்பு இல்லை.

பம்ப் வாங்க முன் கோடை முடிவில், ஆவணி அல்லது புரட்டாதியில், இரண்டு சோதனை செய்ய வேண்டும். முதலாவது ஊற்றுச் சோதனை. நீர்மட்டத்தைக் கிணற்றின் உட்சுவரில் கரியால் அடையாளமிட்டு, அரை மணித்தியாலத்துக்குள் 200 லீற்றர் வாளியால் அள்ளுங்கள். 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில், ஊற்றே இல்லாவிட்டாலும், மட்டம் 6 சென்ரிமீற்றர் அளவுதான் இறங்கும். அது பழைய அடையாளத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பினால் வீட்டுப் பாவனைக்குப் போதும். அரை நாள் எடுத்தால் தோட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது ஆழச் சோதனை. ஒரு சோடாப் போத்தலுக்கு அடியில் கல் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, தக்கைக்கு வேறொரு நூல் கட்டுங்கள். வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிறையும். மேலிருந்து அரை மீற்றரிலும் அடியிலிருந்து அரை மீற்றரிலும் எடுத்து, பேனா மாதிரியான டிடிஎஸ் மீற்றரால் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) அளந்து பாருங்கள். மேலே 700 காட்டி அடியில் 1,500 காட்டினால் சவர் அடியில் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியான கிணற்றில் பம்பை அடியில் இறக்கவே கூடாது. கோடை மட்டத்துக்குக் கீழே ஒரு மீற்றரில் தொங்கவிட வேண்டும். பம்ப் பூட்டுகிறவர்கள் பழக்கத்தில் ஆழ இறக்கப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

இனி அளவு. குளிப்பு, உடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு நாளுக்கு 300 லீற்றர். நாலு வாழைக்கும் மிளகாய், கத்தரிக் கன்றுகளுக்கும் 200. ஆக 500. கோடையில் கிணற்றுக் கட்டின் மேலிருந்து நீர்மட்டம் 4 மீற்றர், தாங்கியின் வாய் நிலத்திலிருந்து 5 மீற்றர். குழாய் உராய்வுக்கு ஒரு மீற்றர் கூட்டினால் 10 மீற்றர் தூக்க வேண்டும். 500 லீற்றரை 10 மீற்றர் தூக்க வேண்டிய சக்தி வெறும் 14 வாற் மணி. சின்னப் பம்பின் திறன் கால்வாசி என்று வைத்தாலும் 55 வாற் மணிதான். ஒரு 10 வாற் பல்பை ஐந்தரை மணித்தியாலம் எரிக்கிற அளவு.

ஆனால் வழக்கமான ஒரு குதிரைவலு மோட்டரைப் போட்டால் அது ஓடும்போது 1,000 வாற்றுக்கு மேல் இழுக்கும், தொடங்கும் நொடியில் அதன் நாலைந்து மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக 3 முதல் 5 கிலோவாற் இன்வேட்டரும், அதைத் தாங்கும் பற்றரியும் வாங்க வேண்டிவரும். இந்த மாதிரி வீடுகளில் சோலர் செலவு ஏறுவதற்குப் பெரிய காரணம் இந்தத் தொடக்க இழுவைதான். கிணற்றுக்கும் அது கெடுதல், காசுக்கும் அது கெடுதல்.

ஆகவே இங்கே போட்டது 24 வோல்ற் டிசி நீரமிழ் பம்ப், 60 வாற். 10 மீற்றர் உயரத்தில் நிமிடத்துக்கு 6 லீற்றர். பற்றரி இல்லை, இன்வேட்டர் இல்லை. வெயில் வந்தால் ஓடும், தாங்கி நிறைந்தால் நிற்கும். 2 மீற்றர் கிணற்றில் இது இறைத்தால், ஊற்று ஒரு சொட்டும் வராவிட்டாலும், 5 நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான் மட்டம் இறங்கும். ஊற்றுள்ள கிணற்றில் இறக்கமே தெரியாது. தாங்கி 1,000 லீற்றர், அதாவது இரண்டு நாள் தண்ணீர். பற்றரி செய்ய வேண்டிய வேலையைத் தாங்கி செய்கிறது.

பனல் 80 வாற் இரண்டு, தொடராக. பம்புக்கு வேண்டியதைவிட இது இரண்டரை மடங்கு. முகில் நாளிலும் பம்ப் திணறாமல் ஓடுவதற்காக வேண்டுமென்றே கூட்டிப் போட்டது. இரண்டைத் தொடராகக் கட்டினால் வேலை செய்யும்போது 36 வோல்ற் அளவும், சுமை இல்லாதபோது 44 வோல்ற் அளவும் வரும். இதை 24 வோல்ற் பம்புக்கு நேரே கொடுத்தால் முதல் நல்ல வெயிலிலேயே பம்பின் மின்சுற்று எரிந்துவிடும். நடுவில் 50 வோல்ற்றுக்கு மேல் தாங்கும் பம்ப் கொன்ரோலர் கட்டாயம்.

வயர் விசயத்தில்தான் கூடுதலானோர் பிழை விடுகிறார்கள். பனலிலிருந்து கிணற்றுக்கு 25 மீற்றர், போய்வர 50 மீற்றர். 24 வோல்ற்றில் 2.5 அம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் இழப்பு 0.9 வோல்ற், அது பரவாயில்லை. இதே வேலையை 12 வோல்ற் பம்பால் செய்தால் 5 அம்பியர் ஓடும். வீட்டில் கிடந்த 1 சதுர மில்லிமீற்றர் பல்ப் வயரைப் போட்டால் இழப்பு 4.4 வோல்ற்: 12 கிளம்பி 7.6 போய்ச் சேரும். பம்ப் முனகும், தண்ணீர் ஏறாது, பம்ப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

குழாய் முக்கால் அங்குலக் கறுப்புப் பொலித்தீன் குழாய், மூட்டு இல்லாமல் ஒரே நீளம். பம்பை வயரிலோ குழாயிலோ தொங்கவிடாமல் 8 மில்லிமீற்றர் நைலோன் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை ஆடுகாலில் கட்டியது. பழைய ஆடுகால் இதற்கு உதவுகிறது. மிதவைச் சுவிச்சு இரண்டு: தாங்கியில் ஒன்று, கிணற்றில் பம்புக்கு மேல் 30 சென்ரிமீற்றரில் ஒன்று. இரண்டையும் கொன்ரோலரின் சிறு சமிக்கை வயரில் கொடுக்க வேண்டும், பம்புக்குப் போகும் பிரதான வயரை மிதவையால் வெட்டக் கூடாது. டிசி மின்னோட்டம் சுவிச்சு திறக்கும்போது பொறியை அணைய விடாது, சுவிச்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் தாங்கி நிறைந்த பிறகும் பம்ப் நிற்காது.

பராமரிப்பு ஒன்றுதான்: சுண்ணாம்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பை ஏற்றி, வாளித் தண்ணீரில் ஏழெட்டுத் தேசிக்காயைப் பிழிந்து, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுத் தேய்த்தால் வெள்ளைப் படிவு கழரும். அதே நாளில் டிடிஎஸ்ஸையும் அளந்து கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் தோட்டத்துக்கு இறைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் மீற்றர் உப்பை மட்டும்தான் சொல்லும். நைத்திரேற்றை அது பிரித்துக் காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் பசளையாலும் மலக்குழியாலும் நைத்திரேற் கூடியிருப்பது பலகாலமாக அறிந்த விசயம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் நைத்திரேற் குறையாது, ஆவி போகப் போகக் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடு என்றால் ஆய்வுகூடப் பரிசோதனை இல்லாமல் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்கக் கூடாது.

குடிக்க மழை

குடிக்கவும் சமைக்கவும் இந்த வீட்டில் மழைத் தண்ணீர்தான். ஓட்டுக்கூரையின் நிழற்பரப்பு 60 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். ஓடு குடிப்பதும் தெறிப்பதும் போக ஐந்தில் நாலு பங்கு கூரைப் பீலிக்கு வரும். வருடம் 1,200 மில்லிமீற்றர் பெய்தால் 57,000 லீற்றருக்கு மேல். ஆக, மழைக்குக் குறைவில்லை. அது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுவதுதான் சிக்கல். மூன்று பேருக்கு நாளுக்கு 24 லீற்றர், தையிலிருந்து புரட்டாதி வரை 270 நாள், 6,480 லீற்றர். சித்திரை மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை, வந்தால் லாபம்.

கட்டியது கம்பிவலைச் சீமெந்துத் தாங்கி. உள்விட்டம் 2.5 மீற்றர், உயரம் 1.7 மீற்றர். மேலே 10 சென்ரிமீற்றர் விட்டால் 7,850 லீற்றர் கொள்ளும். சீமெந்து 50 கிலோ மூட்டை 15: அடித்தளத்துக்கு நாலு, சுவருக்கும் மூடிக்கும் ஒன்பது, பால்பூச்சுக்கும் சேதத்துக்கும் இரண்டு.

அடித்தளம் 2.8 மீற்றர் விட்டம், 10 சென்ரிமீற்றர் தடிப்பு, 1:2:4 கொங்கிறீற், 6 மில்லிமீற்றர் கம்பி 15 சென்ரிமீற்றர் இடைவெளியில். கொங்கிறீற் போட முன்பே சுவர்க் கம்பிகள் நாற்பதையும் அடித்தளக் கம்பியோடு கட்டி நிமிர்த்த வேண்டும். பிறகு நட்டால் சுவரும் தளமும் சேரும் மூலையில் கசியும். வட்டக் கம்பி கீழ்ப்பாதியில் 15, மேல்பாதியில் 20 சென்ரிமீற்றருக்கு ஒன்று. உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு தட்டு அரை அங்குலக் கோழிவலை, ஒன்றன் மேல் ஒன்று 15 சென்ரிமீற்றர் ஏறியிருக்க வேண்டும். வெளியே வெட்டிய அரிசிச் சாக்கை இறுக்கிச் சுற்றிக்கொண்டு உள்ளிருந்து பூச வேண்டும். மறுநாள் சாக்கைக் கழற்றி வெளியே பூச்சு. மொத்தத் தடிப்பு நாலரை சென்ரிமீற்றர்.

கலவை 1:3. மூட்டைக்குத் தண்ணீர் 20 முதல் 22 லீற்றர், அதற்கு மேல் வேண்டாம். பூச இலகுவாக இருக்கும் என்று மேசன் இன்னொரு வாளி ஊற்றினால் தாங்கி வாழ்நாள் முழுக்க வியர்க்கும். கடற்கரை மணலும் சவர்த் தண்ணீரும் கலவைக்கு ஆகவே ஆகாது. உப்பு கோழிவலையைத் தின்னும், மூன்று நாலு வருடத்தில் துருப்புள்ளி வெளியே தெரியும். கலவைக்கும் நனைப்புக்கும் நல்ல தண்ணீரை பவுசரில் இறக்கினால்கூட அது வீண்செலவு இல்லை.

கட்ட வேண்டிய காலம் மாரிக்கு முன், ஆவணியில். ஆனால் அப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். ஈரச் சுவரை அந்தக் காற்று ஒரு மணித்தியாலத்தில் உலர்த்தி மயிர்வெடிப்பு விழுத்தும். ஆகவே பூச்சு பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, தென்மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி, மறுநாள் காலையிலிருந்து 14 நாள் ஈரச்சாக்கு. ஏழாம் நாள் உள்ளே 30 சென்ரிமீற்றர் தண்ணீர் விடலாம். முழுதாக நிரப்பி வடித்து, திரும்ப ஒருதரம் நிரப்பி வடித்த பிறகுதான் குடிக்கலாம். முதல் தண்ணீர் சீமெந்துக் காரம் ஏறி வழவழக்கும்.

குழாய் வாய் தரையிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில், கழிவு வாய் தரையோடு. பீவிசி குழாயில் சீமெந்து பிடிக்காது. சுவருக்குள் போகும் துண்டில் பீவிசி பசையைப் பூசி, காய முன் மணலைத் தூவி ஒட்டவிட்டுப் பிறகு பதித்தால் பிடிக்கும். இந்தச் சின்ன வேலையை விட்டால் அந்த இடம்தான் முதலில் ஒழுகும்.

முதல் மழையைத் தள்ளிவிட 160 மில்லிமீற்றர் பீவிசி குழாய் 2 மீற்றர் நிமிர்த்தியது. அது 35 லீற்றர் கொள்ளும், கூரைக்கு அரை மில்லிமீற்றர் மழைக்குச் சற்றுக் கூட. காகம், வௌவால், வேப்பம்பூ எல்லாம் அதற்குள் போகட்டும். அடிமூடியில் 3 மில்லிமீற்றர் ஓட்டை போட்டால் அடுத்த மழைக்குள் தானே வடிந்துவிடும். கோடை முழுக்கக் கிடந்த கூரைக்கு இது போதாது. ஐப்பசியின் முதல் இரண்டு பெருமழையையும் பீலியைக் கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். பீலிக்குச் சரிவு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். வழிவு வாய்க்கும் காற்று வாய்க்கும் நுளம்பு வலை, இரட்டையாக. டெங்கு உள்ள ஊரில் வலை கிழிந்த தாங்கி அயலாருக்கும் ஆபத்து.

12 வோல்ற் வெளிச்சம்

பல்ப் 5 வாற் நாலு, ஐந்து மணித்தியாலம்: 100. டிசி ஃபான் 20 வாற், இரவு எட்டு மணித்தியாலம்: 160. மூன்று போன், ஒரு ரேடியோ: 50. மொத்தம் 310 வாற் மணி. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கிலும் சைக்கிள் டைனமோவிலும் காலம் கடத்திய ஊருக்கு இது ஆடம்பரம்தான்.

பற்றரி லிதியம் இரும்புப் பொஸ்பேற், 12.8 வோல்ற் 100 அம்பியர் மணி. ஐந்தில் நாலு பங்கை எடுத்தால் மூன்று நாளுக்குச் சரி. ஈய பற்றரி என்றால் பாதிதான் எடுக்கலாம், 150 அம்பியர் மணி வேண்டும். வாகன பற்றரி இதற்குச் சரிவராது. அது ஒரு நொடி பெரிதாகக் கொடுக்கப் பிறந்தது, இரவு முழுக்க மெல்லக் கொடுத்தால் தகடு சீக்கிரம் சிதையும். பனல் 200 வாற், கார்த்திகை முகிலுக்காக. கட்டும் ஒழுங்கு: முதலில் பற்றரியைக் கொன்ரோலருக்குக் கொடுத்து, பிறகு பனல். கழற்றும்போது பனல் முதலில். பற்றரியின் நேர்முனைக்கு 20 சென்ரிமீற்றருக்குள் 30 அம்பியர் டிசி பியூஸ். 12 வோல்ற் பிளக்குக்கு வழக்கமான சுவர்ச் சொக்கற்றைப் பாவிக்க வேண்டாம், வாடகை ஜெனரேற்றர் வருகிற நாளில் யாராவது மாறிக் குத்திவிடுவார்கள்.

பனல் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சரிவு. அருகில் பனை இருந்தால் இடம் மாற்றுங்கள். நிழலைவிடக் காவோலையும் ஆவணியில் விழும் பனங்காயும்தான் கண்ணாடிக்கு எமன். பனலின் அலுமினியச் சட்டத்தை இரும்புக் காலில் நேரே முடுக்கினால் கடற்காற்றில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். துருப்பிடிக்காத போல்ற்றும் நடுவில் நைலோன் வளையமும் போட வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வரும், வானம் கறுத்தால் பனல் வயரைக் கழற்றி வைப்பதே நிச்சயமான காவல். நிலக்கம்பி அடிக்கப் போனால் இரண்டடியில் கல் தட்டும். அடம்பிடித்து அலவாங்கை வளைக்காமல், கிணற்றடி வாய்க்கால் வாழைக்குப் போகும் ஈர நிலத்தில் அரை மீற்றர் ஆழத்துக்கு நீள வெட்டி, செப்புப் பட்டியைப் படுக்கையாகப் புதைத்துவிடலாம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லை. சின்னது ஒன்றே நாளுக்கு ஆயிரம் வாற் மணியளவு தின்னும், மேலே சொன்ன எல்லாவற்றையும் மூன்று, நாலு மடங்காக்க வேண்டிவரும். சமையலுக்கு எரிப்பது பொச்சு, சிரட்டை, ஊமல், கொக்கரை. புகைபோக்கி வைத்த அடுப்பு. அதன் சாம்பல் அடுத்த வேலைக்கு வேண்டும்.

கழிப்பறை

கிணற்றிலிருந்து ஐம்பது அடி விட்டால் போதும் என்பது மண் வடிகட்டுகிற ஊர்களுக்கான அளவு. சுண்ணாம்புக்கல் வெடிப்பில் தண்ணீர் வடிகட்டப்படாமல் ஓடும், எந்தப் பக்கம் ஓடும் என்று மேலேயிருந்து சொல்லவும் முடியாது. மாரியில் தீவகத்தின் நீர்மட்டம் மேலே ஏறி உறிஞ்சு குழிக்குள்ளேயே நிற்கும். அதனால் இங்கே குழியே வெட்டவில்லை. நிலத்துக்கு மேலே, கொங்கிறீற் தளத்தில், உள்ளளவு 1 மீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் அகலம், 80 சென்ரிமீற்றர் உயரமாக இரண்டு அறை. அதற்கு மேல் இருக்கை, ஏற நாலு படி.

சிறுநீர் முன்பக்கக் கிண்ணம் வழியாகத் தனிக் கலனுக்குப் போகும். நைத்திரேற்றாக மாறக்கூடிய நைதரசனில் ஐந்தில் நாலு பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது, ஆகவே கிணற்றைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி இங்கேயே முடிகிறது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து, கிணற்றுக்கு எதிர்ப்பக்க வாழைக்கு விடலாம். மாரியில் விடக் கூடாது, வேர் எடுக்க முன் மழை கொண்டுபோய்க் கிணற்றில் சேர்க்கும். கழுவும் தண்ணீர்தான் நம்முடைய பழக்கத்தில் தலையிடி: அது அறைக்குள் போனால் காயாது, நாறும், புழு வைக்கும். ஒரு எட்டு பின்னால் தள்ளி, கழுவத் தனித் தட்டு, அதன் தண்ணீர் சரளை போட்ட வாழைப் பாத்திக்கு. விருந்தாளிக்கு இதை முதலிலேயே விளங்கப்படுத்திவிட வேண்டும், வெட்கப்பட்டால் அறை நாறும்.

ஒவ்வொரு தரமும் ஒரு சிரட்டைச் சாம்பல். மூன்று பேருக்கு வருடத்தில் சாம்பலோடு 300 லீற்றருக்குச் சற்றுக் கூட வரும், அறையில் பாதிக்கு மேல் போகாது. தை மாதம் ஒரு அறையை மூடி மற்றதைத் திறப்பது. மூடியது அடுத்த தை வரை தொடப்படாமல் கிடக்க வேண்டும். அப்போது திறந்தால் மண் நிறத்தில், மணம் இல்லாமல், உதிரும். ஈரமாக இருந்தால் எங்கேயோ மழைத்தண்ணீர் போயிருக்கிறது: பின்பக்கக் கதவின் கீழ்விளிம்பை முதலில் பாருங்கள்.